காப்பியில் அடித்த காப்பி

அன்புள்ள சார்,

வணக்கம். கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று இருபது வருஷம் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஊரடங்கின்போது ஒருநாள் மகளின் வாட்டர்கலர் தீர்ந்துவிட்டது. கடைகளும் திறக்கவில்லை. ஃபில்டரில் மிஞ்சியிருந்த டிக்காஷனைத் தொட்டு அவளுக்கு ஒரு யானை வரைந்து காட்டினேன். மகள் மறுநாளே மறந்துவிட்டாள். நான் விடவில்லை.

தேடிப் பார்த்ததில் உலகம் முழுக்க இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவில் கேரன் ஈலண்ட் என்பவர் எஸ்ப்ரெஸோவைத் தொட்டே பழைய மேதைகளின் படங்களை வரைந்து, அவற்றில் இருப்பவர்களுக்கு ஒரு காப்பிக் கோப்பையையும் கொடுத்துவிடுகிறார். எனக்கும் ஆசை வந்தது. இதுவரை 14 படங்கள் வரைந்திருக்கிறேன். டபரா டம்ளருடன் மோனாலிசா. கோப்பைக்குள் சுழலும் வான்கோவின் நட்சத்திர இரவு. எல்லோரும் காப்பி குடிக்கும் கடைசி இராவுணவு. டச்சு ஓவியர் வெர்மீரின் பெண்ணுக்குக் காதில் முத்துக்குப் பதில் ஒரு சொட்டு டிக்காஷன். எல்லாவற்றின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் இங்கே ஒரு காப்பிக் கடையில் இரண்டு வாரம் சுவரில் மாட்டிவைக்க இடம் கொடுத்தார்கள். மூன்று படங்கள் விற்றன. நிறையப் பேர் சிரித்தார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பள்ளியில் கற்றுத்தந்த டிராயிங் மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தேன். இப்போது எண்பது வயது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பார்த்தார். நான் வாங்கிக்கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்தார். "காப்பியில காப்பி அடிச்சிருக்கே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்னது சரியா? வாங்கியவர்களில் ஒருவர், இது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். மழுப்பிவிட்டேன். அதுவும் உறுத்துகிறது. டிசம்பரில் ஒரு சின்ன ஹாலை எடுத்து முறையாகக் கண்காட்சி வைக்க முன்பணம் கட்டியிருக்கிறேன். இந்தப் படங்களையே வைப்பதா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒழுங்காக வாட்டர்கலர் பக்கம் போவதா? உள்ளதைச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மாஸ்டருக்கு ஒரு கும்பிடு. குடிக்கிற காப்பிக்கும் பார்த்து அடிக்கிற காப்பிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற மொழியில்தான் இப்படி ஒரு விமர்சனம் பிறக்கும். மூன்றே சொல். நான் இப்போது பக்கம் பக்கமாக எழுதப்போவதைவிட அதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். அதற்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. பார்த்து வரைந்தது ஒன்று, காப்பியால் வரைந்தது இன்னொன்று. இரண்டிலும் உங்களை நான் விடுதலை செய்கிறேன். அவர் சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

பார்த்து வரைவதில் கேவலம் ஒன்றுமில்லை. 1889-ல் பிரான்சின் சான்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது வான்கோ, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து வரையத் தொடங்கினார். விதைக்கிறவன், கதிர் கட்டுகிறவள், மதிய வெயிலில் வைக்கோல் போரடியில் தூங்கும் கணவன் மனைவி என்று சுமார் இருபது படங்கள். தம்பி தேயோவுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார். பேத்தோவனை வாசிக்கிற கலைஞன் தன்னுடையதையும் கொஞ்சம் சேர்த்துத்தானே வாசிக்கிறான், அங்கே அது குறையாகத் தெரிவதில்லையே என்கிறார். ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடிக் கேட்டுவிட்டு, எது உசத்தி என்று கச்சேரி வாசலில் சண்டை போடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வான்கோவின் கையில் இருந்தவை மில்லேயின் மூலப் படங்கள் கிடையாது. கறுப்பு வெள்ளை அச்சுகள். அதில் இல்லாத நிறத்தை அவர் தன் நினைவிலிருந்தும் மனத்திலிருந்தும் எடுத்துப் போட்டார். அவர் கொடுத்தது நிறம். நீங்கள் அவர் ஏறிய படியில் இறங்குகிறீர்கள். முழு நிறத்தில் இருப்பதை எடுத்து ஒரே பழுப்பில் போடுகிறீர்கள். உங்கள் கையில் நிறம் பறிபோகிறது. அது தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தை எடுக்கும்போதும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அங்கேயே வந்துவிடுகிறது: நிறத்தை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும்?

உங்கள் நட்சத்திர இரவு எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். கை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. சுழிப்புகளைப் பொறுமையாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படத்தின் உயிர் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நடக்கிற சண்டையில் இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது, கரண்டியால் கலக்கிவிட்ட காப்பி. அதைக் கோப்பைக்குள் வேறு வைத்துவிட்டீர்கள், கேட்க வேண்டுமா.

அடுத்த பட்டியலில் வான்கோவின் 'இரவுக் காப்பிக்கடை' இருப்பதாக ஒரு படத்தின் கீழே குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். பெயரில் காப்பி இருக்கிறது என்பதற்காகத்தானே? வேண்டாம். 1888 செப்டம்பரில், ஆர்ல் நகரில், மூன்று ராத்திரி கண் விழித்துப் பகலில் தூங்கி வரைந்த படம் அது. மனிதனின் பயங்கரமான ஆசைகளைச் சிவப்பையும் பச்சையையும் வைத்துச் சொல்லப் பார்த்தேன் என்று எழுதினார். சிவப்புச் சுவர், பச்சைக் கூரை, நடுவில் பச்சைத் துணி விரித்த பில்லியர்ட்ஸ் மேஜை. காப்பியில் வரைந்தால் அது மேஜை போட்ட ஒரு அறை, அவ்வளவுதான்.

மோனாலிசா வேறு சங்கதி. காப்பியில் வரைய உலகத்திலேயே பொருத்தமான படம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அதன் புகழ் அதற்குக் காரணமில்லை. அந்த முகத்தில் கோடே கிடையாது. வாயின் ஓரமும் கண்ணின் ஓரமும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஸ்ஃபுமாட்டோ என்பார்கள், இத்தாலிய மொழியில் புகை என்ற சொல்லிலிருந்து வந்தது. லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், மோனாலிசாவை வரைந்த லியனார்டோவின் முகங்களை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து 2010-ல் முடிவு சொன்னார்கள். சன்னமான பூச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு நிழலைக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாப் பூச்சும் சேர்ந்தே 30 முதல் 40 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி இருக்கும்.

நீர்த்த டிக்காஷனை எடுத்து, பூசி, காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து நீங்கள் செய்வதும் அதே வேலை. ஒரு வித்தியாசம் உண்டு. அவருடைய எண்ணெய்ப் பூச்சு காய்ந்தால் கெட்டிப்பட்டுவிடும். உங்கள் காப்பி காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். மேலே போடுகிற பூச்சு கீழே இருப்பதைக் கிளறிவிடும். உங்கள் மோனாலிசாவின் இடது கன்னத்தில் அது நடந்திருக்கிறது, திட்டுத் திட்டாக இருக்கிறது. வலது கன்னத்தில் நடக்கவில்லை. அங்கே பிரஷ்ஷைத் தேய்க்காமல் ஒரே இழுப்பில் எடுத்திருக்கிறீர்கள். அந்தக் கன்னத்தைப் பார்த்தபோது, இந்த அம்மா விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். டபரா டம்ளர்.

மாஸ்டர் சொல்லாமல் விட்டது இதுதான். உங்கள் தப்பு காப்பியும் இல்லை, காப்பி அடித்ததும் இல்லை. நகைச்சுவை துணுக்கை ஓவியம் என்று மாட்டியதுதான். மோனாலிசா கையில் டம்ளர் என்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பார்க்க வேறு எதுவும் இல்லை. வலது கன்னத்தில் அத்தனை உழைத்திருக்கிறீர்களே, அதை யாரும் பார்க்கப்போவதில்லை. கண் நேராக டம்ளருக்குப் போகும், செல்ஃபி எடுக்கும், அடுத்த படத்துக்கு நகரும்.

மோனாலிசாவை வைத்து விளையாடுவது பழைய வழக்கம். 1919-ல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு மலிவு அஞ்சலட்டையில் இருந்த மோனாலிசாவுக்கு மீசையும் குறுந்தாடியும் போட்டார். அப்போது அது ஒரு அடி. கலை என்ற பீடத்தின் மேல் விழுந்த அடி. நூறு வருஷம் கழித்து டம்ளர் கொடுப்பதால் எந்தப் பீடமும் ஆடாது. 2009-ல் சிட்னியின் ராக்ஸ் பகுதியில் நடந்த காப்பித் திருவிழாவில் 3,604 கோப்பைக் காப்பியைத் தரையில் அடுக்கி மோனாலிசாவைக் கொண்டுவந்தார்கள். பால் விடாத கோப்பை கூந்தல், கொஞ்சம் பால் விட்டது நிழல், நிறைய விட்டது முகம். மேலே இருந்து எடுத்த புகைப்படத்தில் அச்சு அசலாக அவள். நான் அதை ரசித்தேன், காரணம் அது திருவிழா. தேர் மாதிரி. கூட்டம் கூடிச் செய்து, பார்த்து, கலைத்துவிடுகிற ஒன்று. (அத்தனை பாலையும் காப்பியையும் யார் குடித்தார்கள் என்று என் நடுத்தர வர்க்க மனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.) சுவரில் மாட்டி வைத்து ஒரு வீட்டில் தினமும் பார்க்கப்போகிற படத்துக்கு அந்த அளவுகோல் உதவாது.

இதில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது, நீங்கள் அதைத் தவறவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. லியனார்டோ காப்பியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர் 1519-ல் இறந்தார். வெனிஸில் காப்பிக் கடைகள் திறந்ததெல்லாம் அடுத்த நூற்றாண்டில். ஆனால் 1511-ல், அவர் இத்தாலியில் உயிரோடு இருந்த நாளில், மெக்காவில் காய்ர் பெக் என்ற அதிகாரி காப்பியைக் கூண்டில் ஏற்றி, இது ஆகாது என்று தடை போட்டுவிட்டான். ஒரு பக்கம் லியனார்டோ, இன்னொரு பக்கம் குற்றவாளியாகக் காப்பி. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு பழுப்பு நிறங்கள். கையில் டம்ளர் கொடுக்காமலே, காப்பியால் வரைந்த மோனாலிசா என்பதற்குள்ளேயே இந்த வேடிக்கை இருக்கிறது. தெரிந்தவனுக்குத் தெரியும். தெரியாதவனுக்குக் கன்னம் இருக்கிறது.

உங்கள் 14 படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வெர்மீரின் பெண்ணை. அங்கேயும் வேடிக்கைதான் செய்திருக்கிறீர்கள், முத்துக்குப் பதில் டிக்காஷன் சொட்டு. ஆனால் அந்த வேடிக்கை படத்தைப் பார்க்கவைக்கிறது. ஹேக் நகரத்தின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தை 2018-ல் பார்வையாளர்கள் முன்னாலேயே வைத்து அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள். காதில் மாட்டும் கொக்கியே வரையப்படவில்லை. முத்து என்று நாம் நினைப்பது வெள்ளை நிறத்தின் ஒன்றிரண்டு தீற்றல்கள்தான், மற்றதை நம் கண் நிரப்பிக்கொள்கிறது. ஆக, அந்த இடத்தில் முத்து இருந்ததே இல்லை. நீங்கள் அங்கே சொட்டை வைத்ததும், முத்து எங்கே போயிற்று என்று தேடுகிறோம். தேடினால் சொட்டின் மேல் ஒரு மினுக்கு. அந்த மினுக்கை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் காகிதம். தொடாமல் விட்ட காகிதம். காப்பியில் வெள்ளை கிடையாது, விட்டுவைத்ததுதான் வெள்ளை. வெர்மீர் கடைசியில் வைத்த புள்ளியை நீங்கள் முதலிலேயே விட்டுவைக்க வேண்டியிருந்திருக்கிறது. அவர் படத்தைப் பின்னாலிருந்து திறந்து பார்த்த மாதிரி. இந்தப் படம் விற்கவில்லை என்று கீழே குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, விற்காதீர்கள்.

சரி, காப்பிக்கு வருகிறேன். எனக்கு அதன்மேல் ஒரு சந்தேகம் உண்டு. ஏழாம் வகுப்பில் நாங்கள் புதையல் வரைபடம் தயாரிப்போம். நோட்டுக் காகிதத்தைக் கிழித்து, ஓரத்தைக் கொளுத்தி, டிக்காஷனில் முக்கி எடுத்தால் ராஜா காலத்து ஓலை மாதிரி ஆகிவிடும். விருந்தாளிக்கு வைத்திருந்த முதல் டிக்காஷனை எடுத்ததற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. காப்பியின் பழுப்பு எதையும் பழையதாகக் காட்டிவிடும். தாத்தா காலத்துப் புகைப்படம் மாதிரி. காப்பி ஓவியங்களைப் பார்த்து நாம் 'ஆகா' என்பதில் பாதி இந்தப் பொய்ப் பழமைக்குப் போகிறதோ என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது. பழைய படத்தைப் பழைய நிறத்தில் போட்டால் யாருக்கும் பிடித்துவிடும். அதனால்தான் அதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

காப்பியை அப்படி வேஷத்துக்குப் பயன்படுத்தாத ஒருவர் விக்டர் ஹ்யூகோ. நாவலாசிரியர் ஹ்யூகோவேதான். சுமார் 4,000 சித்திரங்கள் வரைந்திருக்கிறார், பெரும்பாலும் தனக்காகவும் நண்பர்களுக்காகவும். நாடு கடத்தப்பட்டு கெர்ன்சி தீவில் இருந்த காலத்தில் மையோடு கரி, புகைக்கரி, காப்பி என்று மேஜையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்து வரைந்தார். முதலில் கறையைக் கொட்டுவார், காகிதத்தை மடித்து ஒற்றுவார், அப்புறம் அந்தக் கறைக்குள் என்ன தெரிகிறது என்று பார்ப்பார். கோட்டை தெரியும், அலை தெரியும், ஆக்டோபஸ் தெரியும். கறை முன்னால் போகும், அவர் பின்னால் போவார்.

உங்கள் படங்களில் ஒரு கறைகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வாட்டர்கலரில் பழுப்பை எடுத்து வரைந்திருந்தால் என்ன வந்திருக்குமோ அதுதான் வந்திருக்கிறது. பக்கத்தில் 'காப்பியால் வரைந்தது' என்று அட்டை எழுதி வைத்தால்தான் தெரியும். காப்பி செய்கிற ஒரு குறும்பு உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சொட்டு காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கறுத்த வளையம் நிற்கும். 1997-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இது ஏன் என்று 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். சொட்டின் ஓரம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நகராது. ஓரத்தில்தான் ஈரம் வேகமாக ஆவியாகும். அந்தக் குறையை நிரப்ப நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது தூளையும் இழுத்துக்கொண்டு போகும். எல்லாத் தூளும் கரையில் போய் ஒதுங்கிவிடும், வெள்ளம் வடிந்த ஆற்றில் சருகு ஒதுங்குகிற மாதிரி.

இந்த ஓரக்கோட்டைத்தான் நீங்கள் படம் முழுக்க அழித்து அழித்து மாய்ந்திருக்கிறீர்கள். மலேசியாவின் ரெட் ஹாங் யி 2012-ல் தைவான் பாடகர் ஜே சோவின் முகத்தை வரைந்தபோது பிரஷ்ஷையே எடுக்கவில்லை. கோப்பையின் அடியைக் காப்பியில் தொட்டு, முத்திரை குத்துகிற மாதிரி வளையம் வளையமாகக் குத்தியே முகத்தைக் கொண்டுவந்தார். அங்கே காப்பி வேறு எதற்கோ நடிக்கவில்லை, மேஜையில் என்ன செய்யுமோ அதையே செய்தது. அவரைப் பார்த்துச் செய்யச் சொல்லவில்லை. அந்த ஓரக்கோட்டை ஒரே ஒரு படத்திலாவது விட்டுப் பாருங்கள். வெர்மீர் பெண்ணின் தலைப்பாகை மடிப்புகளுக்கு அது என்னமாய்ப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் சொல்லவந்த படத்துக்கு வருகிறேன். மேதைகளின் படங்களில் காப்பியை நுழைப்பதற்குப் பதில், காப்பி ஏற்கெனவே இருக்கிற படங்களை ஏன் எடுக்கக் கூடாது? வேடிக்கை போய்விடும். போகட்டும். அதன்பிறகு உங்கள் கை மட்டும்தான் மிஞ்சும். பயமாகத்தான் இருக்கும்.

ஷார்தான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1761 வாக்கில் வரைந்த அவருடைய ஒரு சின்னப் படம் பிட்ஸ்பர்க்கில் கார்னெகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், ஒரு மண் நிறக் காப்பிக் கூஜா, பக்கத்தில் சில பூண்டு. அவ்வளவுதான். முதல் தடவை அச்சில் பார்த்தபோது எங்கள் பாட்டி வீட்டு அடுப்பங்கரை மேடை என்றே நினைத்தேன். அந்தப் படம் முழுக்கப் பழுப்பும் சாம்பலும்தான், ஆகவே காப்பியிடம் அது இழக்க வேண்டியது மிகக் குறைவு. ஷார்தானின் படங்களைப் பற்றி எழுத்தாளர் திதரோ 1763-ல் எழுதியபோது, பூச்சின் மேல் பூச்சு, அடியிலிருந்து மேலே கசிகிற நிறம், துணியின் மேல் யாரோ ஆவியை ஊதிவிட்ட மாதிரி என்கிற பொருளில் சொல்கிறார். காப்பிக் கூஜாவைக் காப்பியால் வரைவது, தண்ணீர்த் தம்ளரை வெறும் காகிதத்தை விட்டே கொண்டுவருவது. இதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், செல்ஃபியும் எடுக்க மாட்டார்கள். ஆனால் கிட்டே வந்து முகர்ந்து பார்ப்பார்கள்.

அமெரிக்க ஓவியர் ஹாப்பர் 1927-ல் வரைந்த 'ஆட்டோமேட்' இன்னொன்று. துட்டுப் போட்டால் பண்டம் கிடைக்கிற இயந்திர உணவகம்தான் ஆட்டோமேட். நியூயார்க்கில் அந்த நாட்களில் ஐந்து சென்ட் நாணயம் போட்டால் டால்பின் தலை வடிவக் குழாயிலிருந்து காப்பி கொட்டும். ஹாப்பர் அதையெல்லாம் வரையவில்லை. இரவில் தனியாக ஒரு பெண், ஒரு கையில் மட்டும் கையுறை, முன்னால் ஒரு கோப்பை, பின்னால் கறுத்த கண்ணாடி ஜன்னல். ஜன்னலில் தெரு தெரியவில்லை, அறையின் விளக்குகள் மட்டும் இரண்டு வரிசையாகப் பிரதிபலித்துக்கொண்டே போகின்றன. அத்தனை பெரிய கறுப்பைக் காப்பியில் கொண்டுவர எத்தனை பூச்சு வேண்டும் என்று நினைத்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. விளக்குகள் ஒவ்வொன்றும் விட்டுவைத்த காகிதம். பதிப்புரிமை விவகாரம் இருக்கலாம், விற்பதென்றால் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வரைந்து பழக யார் கேட்கப்போகிறார்கள்.

டிரெஸ்டனில் இருக்கும் லியோதாரின் படத்தில் ஒரு பணிப்பெண் தட்டில் கோப்பை ஏந்தி வருவாள். அவசரத்தில் அதைக் காப்பி என்று எடுத்துவிடாதீர்கள், அது சாக்லேட். வான்கோவின் நீலக் காப்பிக் கெண்டியும் வேண்டாம். 1888 மே மாதம் மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்ததும், வெளியில் சாப்பிட்டுச் சலித்து, வீட்டிலேயே காப்பி போட வாங்கிய கெண்டி அது. வாங்கிய கையோடு அதையே வரைந்துவிட்டார். கதை அருமை. ஆனால் படம் முழுக்க நீலங்களும் மஞ்சள்களும். காப்பிக் கெண்டியைக் காப்பியால் வரைய முடியாது என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டவரிடம் மழுப்பியிருக்கக் கூடாது. காப்பி வெளிச்சத்தில் வெளிறும். அதில் அமிலம் உண்டு, மட்டமான காகிதம் சீக்கிரம் பழுக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை வரலாம். சிக்கரி கலந்த டிக்காஷன் அழுத்தமான நிறம் தரும், ஆனால் கெட்டியாகப் பூசினால் காய்ந்தும் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். சர்க்கரை போட்ட காப்பியைத் தொட்டு வரைந்தால் உங்கள் முதல் ரசிகர்கள் எறும்புகள். அமிலமில்லாத பருத்திக் காகிதம், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் நேரே படாத சுவர் என்று இந்த மூன்றையும் படத்தின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். எந்தத் தூள், எந்த நாளில் வரைந்தது என்பதையும் எழுதுங்கள். இன்றைக்கே ஒரு காகிதப் பட்டையில் உங்கள் டிக்காஷனை ஐந்து அடர்த்தியில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, தெற்கு பார்த்த ஜன்னலில் ஒட்டிவையுங்கள். டிசம்பருக்குள் ஒரு பதில் கிடைத்துவிடும். அந்தப் பட்டையையே கண்காட்சியில் ஒரு மூலையில் வைக்கலாம்.

இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. லியனார்டோவின் கடைசி இராவுணவு, காய்ந்த சுவரில் அவர் புதிதாக ஒரு முறையைச் சோதித்துப் பார்த்ததால், அவர் உயிரோடு இருக்கும்போதே உரியத் தொடங்கிவிட்டது. வான்கோவின் படுக்கையறைச் சுவர்கள் முதலில் ஊதா, சிவப்பு வெளிறிப்போய் இன்று நீலமாக நிற்கின்றன. ஓவியங்களும் பூக்களைப்போல வாடும் என்று அவரே எழுதியிருக்கிறார். வாடும் என்று சொல்லி விற்பது வேறு, சொல்லாமல் விற்பது வேறு. வாங்கிய அந்த மூவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஒருவராவது திருப்பிக் கொடுத்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் விஷயம். முன்பணம் கட்டிவிட்டீர்கள், ஆகவே நடத்துங்கள். 14-ல் நாலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெர்மீர் நிச்சயம். மோனாலிசாவை டம்ளர் இல்லாமல் மறுபடி வரையுங்கள், கையைக் கை மேல் வைத்துச் சும்மா இருக்கட்டும். மற்ற இரண்டை நீங்களே முடிவு செய்யுங்கள். எல்லோரும் காப்பி குடிக்கும் அந்த இராவுணவை மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். பன்னிரண்டு சீடர்களில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள், நான் எண்ணிப் பார்த்தேன். காப்பிக்கடையில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மிச்சச் சுவர் காலியாக இருந்தால் இருக்கட்டும். மாஸ்டருக்கு இந்தத் தடவையும் அழைப்பு அனுப்புங்கள், காப்பியும் வாங்கிக்கொடுங்கள். ஷார்தானின் பூண்டுத் தோலை வரைந்து முடித்ததும், அது நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், எனக்கு ஒரு புகைப்படம் அனுப்புங்கள்.